ஒன்பது-பி குழுவில் ஓர் ஆட்டு வியாபாரி

"பத்துக் கிலோ எடையுள்ள ஒரு பொருளை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் செய்யப்படும் வேலை எவ்வளவு?"

இயற்பியல் ஆசிரியர் ஓரோஸ்பெக் அகாய் (கிர்கிஸ் ஊர்களில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்), ஒன்பது-பி வகுப்புக்காகப் புதிதாகத் தொடங்கிய வாட்ஸப் குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுத் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பதில் வந்துவிட்டது.

"பத்துக் கிலோன்னா குட்டியா இருக்கும். கெடாவா, பெட்டையா? சந்தைக்குக் கொண்டு வாங்க அகாய், பேசிக்கலாம்."

அகாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அனுப்பியவர் பெயர் காபில். ஒன்பது-பியில் காபில் என்று மாணவன் யாரும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே காபில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆடு விற்கிற, இரண்டு தங்கப்பல் கட்டிய காபில்தான்.

அடுத்த பதில் கால்நடை மருத்துவரிடமிருந்து வந்தது. "குனிஞ்சு தூக்காதீங்க அகாய். இடுப்பு பிடிச்சுக்கும்."

அதற்கடுத்து நிலக்கரிக்காரர். "யாரு இது? என்னை எதுக்கு இதுல போட்டிருக்கு?"

"கெஞ்சே, கொஞ்சம் இங்க வா" என்று அகாய் மனைவியைக் கூப்பிட்டார்.

பெயர்தான் கெஞ்சே. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மாள் யாரிடமும் எதற்கும் கெஞ்சியதில்லை. மாவுக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கிப் பார்த்தாள்.

"நூத்திப் பதினேழு பேரைச் சேத்து வெச்சிருக்கீங்க."

"பிள்ளைங்க இருபத்தி மூணு பேர்தானே?"

"மிச்சத் தொண்ணூத்தி நாலு பேரு உங்க போன்ல இருந்த சனம். எங்க அக்கா இருக்கா. புகைபோக்கி சுத்தம் பண்ற ஆளு இருக்கார். எப்படிச் சேத்தீங்க?"

"வரிசையா பேர் வந்துது. ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் ஒரு வட்டம். தொட்டா டிக் விழுந்துது."

"அதுக்கு?"

"வருகைப் பதிவேடுன்னு நெனச்சுட்டேன்" என்றார் அகாய், குரலைத் தாழ்த்தி.

நியாயம்தான். முப்பத்தெட்டு வருஷமாகப் பெயர்ப் பட்டியலைக் கண்டால் டிக் போட்டே பழகிய கை. அதிலும் ஒருத்தரையும் விட்டுவிடாத கை.

அவர் இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் இருந்தது. தாஷ்-புலாக் பள்ளிக்கூடத்தில் ஒன்பது-பி என்றால் மற்ற ஆசிரியர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். சென்ற பரீட்சையில் இயற்பியலில் இருபத்து மூன்று பேரில் பதினாறு பேர் முட்டை. அகாய்க்கு வருகிற ஜூனோடு ஓய்வு. அவர் இடத்துக்கு இந்தக் குளிருக்கும் மலைக்கும் வர ஆள் கிடைக்கவில்லை; உடற்பயிற்சி ஆசிரியரே இயற்பியலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்று மேலே பேச்சு. உடற்பயிற்சி ஆசிரியர் நல்ல மனிதர். புவியீர்ப்பு என்றால் தண்டால் எடுக்கும்போது வருகிற ஒன்று என்ற அளவுக்கு அவருக்கும் தெரியும்.

"ஏதாவது புதுசா செஞ்சு காட்டுங்க அகாய். அதை வெச்சு இன்னும் ரெண்டு வருஷம் உங்களைக் கேட்டு வாங்கிடறேன்" என்று தலைமை ஆசிரியை ஜீபார் எஜே (எஜே என்றால் அங்கே அக்கா) சொல்லியிருந்தார்.

அகாய் யோசித்தார். பிள்ளைகள் நாள் முழுக்கக் குனிந்து போனைப் பார்க்கிறார்கள். அவர்கள் நிமிர்ந்து கரும்பலகையைப் பார்க்கும் நாளுக்குக் காத்திருந்தால் ஜூன் வந்துவிடும். கரும்பலகை அவர்கள் குனிந்த இடத்துக்குப் போகட்டும். பிஷ்கேக்கிலிருந்து மகள் அனுப்பிய பழைய போன் அப்படித்தான் இயற்பியலுக்கு வந்தது.

இப்போது அதில் ஆட்டு வியாபாரி உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொருத்தரா நீக்கிடுங்க. நீக்கறதுக்கு வழி இருக்கும்ல?" என்றாள் கெஞ்சே.

வழி இருந்தது. அகாய் கண்டுபிடித்து, மேலே இருந்த பெயரிலிருந்து தொடங்கினார். பதினாலு பேரை நீக்கியதும் போன் அடித்தது. பெரிய மகனின் மாமனார், சம்பந்தி ஷாமென்.

"சம்பந்தி, என் பொண்ணை உங்க வீட்டுக்குக் குடுத்திருக்கேன்."

"ஆமா சம்பந்தி, அதுக்கென்ன இப்ப?"

"ஊரு பாக்க என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கீங்க. 'ஓரோஸ்பெக் ஷாமெனை நீக்கினார்'னு எழுத்துல இருக்கு."

"அது பசங்க பாடக்குழு சம்பந்தி."

"நான் பாடத்துக்கு லாயக்கில்லேன்னு சொல்றீங்க."

"ஐயோ, அப்படிச் சொல்லலை."

"ஆட்டுக்காரன் காபில் இன்னும் உள்ள இருக்கான். என்னைத்தான் முதல்ல நீக்கியிருக்கீங்க. அப்ப காபில் என்னைவிட ஒஸ்தி."

அகாய் விஷயத்தைக் கெஞ்சேயிடம் சொன்னார். கெஞ்சே ஒரு கூடை போர்சோக்கும், அதாவது எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளும், வேகவைத்த ஆட்டுத் தொடை ஒன்றும் எடுத்துக்கொண்டு, முழங்கால் பனியில் நடந்து சம்பந்தி வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"திரும்பச் சேக்கணும். ஒரு வரி மன்னிப்பு எழுதணும். மரியாதைக்கு அவர் தம்பிங்க ரெண்டு பேரையும் சேக்கணும்."

"தம்பிங்களை எதுக்கு?"

"அவரைத் தனியா உள்ள விட்டா அழகா இருக்காதாம்."

அகாய் சேர்த்தார். மன்னிப்பும் எழுதினார். அதைப் படித்துவிட்டு, நீக்கப்பட்ட மற்ற பதிமூன்று பேருக்கும் ரோஷம் வந்தது. அவர்களும் திரும்பி வந்தார்கள், ஆளுக்கு ஒரு தம்பியோடு. இரண்டு நாளில் குழுவில் நூற்று முப்பத்திரண்டு பேர் ஆனார்கள். அதில் ஒருத்தர் குதிரைச் சேணம் விற்பனைக்கு என்று படம் போட்டார். இன்னொருத்தர் மகன் கல்யாணத்துக்குக் குழுவையே அழைத்தார். ஒன்பது-பி மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. அப்பாவும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

அகாய் ஒருநாள் முழுக்க யோசித்து ஒரு தந்திரம் செய்தார். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. தட்டும்போதே சிரித்துக்கொண்டார்.

"இந்தக் குழுவில் இருக்கும் எல்லோரும், வயது வித்தியாசமின்றி, வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். செய்யாதவர்கள் பெயர் ஞாயிற்றுக்கிழமை வெளியிடப்படும்."

"பாரேன்" என்றார் கெஞ்சேயிடம். "பொழுது சாயறதுக்குள்ள பெரியவங்க ஒருத்தர் மிச்சம் இருக்க மாட்டாங்க. தானா கழண்டுப்பாங்க."

முப்பத்தெட்டு வருஷம் அந்த ஊரில் பாடம் நடத்தியும் அவருக்கு அந்த ஊரைத் தெரியவில்லை. குதிரை ஓட்டத்தில் பின்தங்கினால் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வராத ஆண்பிள்ளைகள் இருக்கிற ஊர் அது. செய்யாதவன் பெயரை ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சந்தை நாளில், ஊர் படிக்கிறாற்போல் போடுவதாவது. ஒருத்தர்கூடக் கழன்றுகொள்ளவில்லை.

முதலில் வந்தது காபிலின் காணொளி. ஒரு பெரிய கெடாவைக் கட்டிப்பிடித்து, முகம் சிவக்க, லாரியின் பின்பலகைமேல் ஏற்றினார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "எழுவது கிலோ. ஒண்ணேகால் மீட்டர். என்ன வேலைன்னு யாராச்சும் சொல்லுங்க, எனக்குக் கணக்கு வராது."

பிறகு, ஒன்பது-பியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யாரோடும் பேசாத மீரிம் என்ற பெண் முதல் முறையாக எழுதினாள்.

"எண்ணூத்தி ஐம்பத்தேழு ஜூல், காபில் மாமா."

"அது கெடா சும்மா இருந்தா. இது காலை உதைக்குதே பாப்பா, அந்தக் கணக்கு எங்க?"

அகாய் அதைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். இந்தக் கேள்வியை யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவர் அவர். மறுநாள் வகுப்பு முழுக்க அந்தக் கெடாவின் கால்தான். உதைக்கிற கெடாவைத் தூக்கும்போது எங்கெல்லாம் ஆற்றல் வீணாகிறது, காபிலின் முகம் ஏன் சிவந்தது, அந்தச் சூடு எங்கே போயிற்று. மணி அடித்தது. ஒன்பது-பி எழுந்திருக்கவில்லை. நடைபாதையில் போன ஜீபார் எஜே, ஏதோ விபரீதம் என்று கதவைத் திறந்து பார்த்தார்.

வீடுகளில் வேறு மாதிரி கூத்து. தாஸ்தான் என்ற பையனின் அப்பா அவனை எதிரே உட்காரவைத்தார்.

"ஜூல்னா என்னடா? சொல்லு, ஞாயித்துக்கிழமை என் பேரு வரக்கூடாது."

"தெரியாதுப்பா."

"பள்ளிக்கூடம் போய்ப் போய் நான் வாங்கிக் குடுத்த பூட்ஸ் தேயுது, நீ தெரியாதுங்கற. புஸ்தகத்தை எடு."

தாஸ்தான் அந்த வருஷத்தில் முதல் தடவையாக இயற்பியல் புத்தகத்தைத் திறந்தான். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, கத்தி வைத்துப் பிரித்தான். தனக்குப் புரிந்தால்தான் அப்பாவுக்குப் புரியவைக்க முடியும், அப்பாவுக்குப் புரிந்தால்தான் தான் தூங்க முடியும் என்ற நிலையில் ஒரு பிள்ளை எவ்வளவு வேகமாகப் படிக்கும் என்பதை அகாய் அந்த வாரம்தான் பார்த்தார்.

ஆனால் குழுவில் ஆட்டுப் பேச்சு பெருகிப்போயிற்று. ஆளாளுக்கு ஆட்டைத் தூக்கிப் படம் போட்டார்கள். கால்நடை மருத்துவர் சொன்னபடியே நாலு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இதை மாற்ற வேண்டும், வீட்டுக்குள் சத்தமில்லாமல் செய்கிற ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து அகாய் அடுத்த கேள்வியைப் போட்டார்.

"தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. நம் ஊரில் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது? அளந்து சொல்லுங்கள்."

எதைக்கொண்டு அளப்பது என்று சொல்ல மறந்துவிட்டார். அன்று மாலைக்குள் பதினோரு வீடுகளில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வெந்நீரில் வெடித்தது. மாடுகளுக்கு வைக்கிற தடியான தெர்மாமீட்டரை கால்நடை மருத்துவர் நம்பிக்கையோடு உள்ளே விட்டார். அதுவும் போயிற்று. வேதியியல் ஆசிரியை கந்தகப் பொடியும் கையுமாக வீடு வீடாக ஏறி, பாதரச மணிகள்மேல் தூவிப் பொறுக்கினார். எந்த வீட்டிலும் அகாயைப் பற்றி நல்ல வார்த்தை கேட்கவில்லை என்று மறுநாள் அவரிடமே வந்து சொன்னார்.

"இனிமே ஊர்ல எந்தப் பிள்ளைக்கு மேல் சுட்டாலும் நம்ம வாசலுக்குத்தான் வருவாங்க" என்றாள் கெஞ்சே. "வேற ஏதாவது சொல்லுங்க. உடையாததா."

அகாய் அவசரமாக எழுதினார். "தெர்மாமீட்டர் வேண்டாம். முட்டை போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஒரு முட்டையைப் போடுங்கள். மஞ்சள் கரு நடுவரை கெட்டியாக எத்தனை நிமிஷம் ஆகிறது, நீங்கள் இருக்கும் இடம் எவ்வளவு உயரம், இரண்டையும் எழுதுங்கள்."

ஊரில் இருந்தது ஒரே கடை. மறுநாள் மதியத்துக்குள் அங்கே முட்டை தீர்ந்தது. வாரக்கணக்காக இயற்பியலில் முட்டை வாங்கிக்கொண்டிருந்த வகுப்பு, இப்போது இயற்பியலுக்காக முட்டை வாங்கிக்கொண்டிருந்தது. கெஞ்சேக்கு மாவு பிசைய ஒரு முட்டை கிடைக்கவில்லை. ஒரு முட்டைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அதனால் பத்தாவது நிமிஷம் ஒன்று, பதினொன்றாவது நிமிஷம் ஒன்று என்று உடைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் ஊரே அவித்த முட்டை தின்றது. எது கெட்டி, எது கொழகொழ என்பதில் சம்பந்தி ஷாமெனும் அவருடைய தம்பிகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில், அகாயே எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவர் தவறிச் சேர்த்த ஆட்களில் சிலர் தாஷ்-புலாக்கில் இல்லை. அவருடைய ஒரு மகன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். மகள் பிஷ்கேக்கில். காபிலின் அண்ணன் ஏரிக்கரையில் விடுதி வைத்திருந்தார். மாஸ்கோவிலிருந்து மகன் எழுதினான்: "ஒன்பது நிமிஷம் அப்பா. என்கூடத் தங்கியிருக்கிற ஆறு பேரும் சாட்சி." பிஷ்கேக்கில் பத்து. ஏரிக்கரையில் பதினொன்றேகால். தாஷ்-புலாக்கில் பன்னிரண்டு.

மீரிம் வகுப்புச் சுவரில் பெரிய தாள் ஒட்டி, கீழே உயரம், பக்கத்தில் நிமிஷம் என்று கோடிழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். நாலாவது புள்ளி வைத்ததும் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அளவுகோலை வைத்தாள். நாலு புள்ளியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றன.

"அகாய், மேல போகப் போக முட்டை வேக நேரமாகுது."

"ஏன்?"

"மேல காத்து கம்மி. தண்ணி சீக்கிரமே கொதிச்சுடுது. கொதிக்குதே தவிர சூடு பத்தலை." அவள் கோட்டை மேலே நீட்டினாள். "அப்ப கணவாய் உச்சியில, மூவாயிரம் மீட்டர்ல, பதிமூணரை நிமிஷம் ஆகணும்."

"ஆகணும்னா போதுமா? யாராச்சும் அங்க போய் முட்டை அவிக்கணுமே" என்றான் தாஸ்தான்.

கெஞ்சேயின் தம்பி ஜோல்தோஷ் லாரி ஓட்டுபவன். வாரம் ஒருமுறை கணவாயைத் தாண்டுபவன். குழுவில் இருந்தான். "எனக்கு நேரம் கிடைக்கறப்ப பாக்கறேன்" என்று எழுதினான்.

அதற்கடுத்த திங்கட்கிழமைதான் ஜீபார் எஜே ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அகாய், வட்டாரக் கல்வி அலுவலகத்துலேர்ந்து போன். வகுப்புல செல்போன் குழு நடத்தறதைப் பத்தி விசாரிக்க ஆய்வாளர் வர்றார். வியாழக்கிழமை. இசாகோவ்னு பேரு. நம்ம விஷயம் அவங்க காதுவரைக்கும் போயிருக்கு பாருங்க."

அகாய் போனை எடுத்துக் குழுவைப் புரட்டினார். "எஜே, குழுவுல சேணம் விக்கறாங்க. நேத்து ஒருத்தர் பசு காணோம்னு போட்டிருக்கார். இதைக் காட்டறதா?"

"அதெல்லாம் அழிச்சுடுங்க. வியாழக்கிழமை பெரியவங்க யாரும் வாயத் திறக்கக்கூடாது. பிள்ளைங்க மட்டும் அழகா எழுதணும்."

அகாய் குழுவில் வேண்டுகோள் வைத்தார். வியாழக்கிழமை மௌனம். எல்லோரும் சரி என்றார்கள். அதற்குள் இன்னும் பலர் கேட்டுச் சேர்ந்து இருநூற்றுப் பதினோரு பேர் ஆகியிருந்தார்கள்; அத்தனை பேரும் தனித்தனியாகச் 'சரி' என்று எழுதியதில் போன் ஒரு மணி நேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஜீபார் எஜே தன் பங்குக்கு, 'வாட்ஸப் வழியே இயற்பியல்: முன்னோடிப் பள்ளி உங்களை வரவேற்கிறது' என்று துணியில் எழுதி வாசலில் கட்டினார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆய்வாளர் இசாகோவ் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட கோட்டு, கையில் தடித்த நோட்டு. வாசலில் கட்டியிருந்த துணியை நின்று, இரண்டு முறை படித்தார். ஓட்டுநர் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தேநீர் போட்டிருக்கு, முதல்ல ஒரு வாய்..." என்றார் ஜீபார் எஜே.

"அப்புறம் பாக்கலாம். வகுப்பு எங்க?"

ஒன்பது-பி எழுந்து நின்று வணக்கம் சொன்னது. இசாகோவ் பின்னால் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"இந்தக் குழு உங்க யோசனையா?"

"என்னோடதுதான்" என்றார் அகாய்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"நாப்பத்து மூணு நாள்."

எழுதிக்கொண்டார். "வகுப்பு நேரத்துலயுமா?"

"வகுப்பு நேரத்துலதான் அதிகம்" என்றார் அகாய் பெருமையோடு.

"எத்தனை பேர் இருக்காங்க?"

"இருநூத்திப் பதினொண்ணு."

இசாகோவ் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "வகுப்புல இருபத்தி மூணு பேர்தானே?"

"மிச்சம் பொதுமக்கள்."

"இதெல்லாம் தலைமை ஆசிரியைக்குத் தெரியுமா?"

"நான்தான் அனுமதி குடுத்தேன்" என்று ஜீபார் எஜே முந்திக்கொண்டார். "என் பேரையும் எழுதிக்குங்க. முழுப் பேரும் வேணும்னா தாள்ல எழுதித் தர்றேன்."

இசாகோவ் அதையும் எழுதிக்கொண்டார். அப்போது மேஜைமேல் இருந்த அகாயின் போன் அதிர்ந்தது. அகாய் அதைப் பார்க்காததுபோல் இருந்தார். மறுபடி அதிர்ந்தது, நகர்ந்து விளிம்புக்கு வந்தது.

"எடுங்க" என்றார் இசாகோவ். "எல்லாரும் கேக்கற மாதிரி போடுங்க."

அகாய் வேறு வழியில்லாமல் அழுத்தினார். காற்று ஊளையிடுகிற சத்தத்துக்கு நடுவே ஜோல்தோஷின் குரல் வந்தது.

"அத்தான், இன்னிக்குப் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க, தெரியும். ஆனா கணவாய்ல பனி விழுந்து வழியை அடைச்சுட்டாங்க. உச்சியில நிக்கறேன். முன்னாடி பதினேழு லாரி, பின்னாடி முப்பது. அடுப்பு இருக்கு, முட்டை இருக்கு, வேற வேலை இல்லை. இந்த நாளை விட்டா எனக்கு நேரம் கிடைக்காது. தண்ணி கொதிக்குது. இப்பப் போடறேன்."

ஜீபார் எஜே கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது-பி மட்டும் மொத்தமாகத் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது.

"என்ன இது?" என்றார் இசாகோவ்.

கடைசி பெஞ்சிலிருந்து மீரிம் எழுந்தாள். தாள் ஒட்டியிருந்த சுவரை நோக்கி நடந்தாள்.

"பதிமூணரை நிமிஷம் பொறுத்துக்குங்க, சொல்றேன்."

அந்தப் பதிமூன்றரை நிமிஷத்தில் அவள் சுவரிலிருந்த தாளைக் காட்டிப் பாடமே நடத்திவிட்டாள். மாஸ்கோவின் புள்ளி, பிஷ்கேக்கின் புள்ளி, ஏரிக்கரை, தாஷ்-புலாக். அவள் தடுமாறிய இடத்தில் தாஸ்தான் எழுந்து காற்றழுத்தத்தைச் சொன்னான். தப்பாகச் சொன்ன ஓர் இடத்தை முன்பெஞ்சுப் பெண் திருத்தினாள். அகாய் ஜன்னல் ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. இந்தப் பிள்ளைகளையா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம் என்று ஜீபார் எஜே மூடிய கண்ணைத் திறந்துகொண்டார்.

"எங்க வீட்டுல" என்று இசாகோவ் திடீரென்று குறுக்கிட்டார், "கறி வேகவே வேகாது. என் மனைவி சமவெளிக்காரி. அடுப்பு சரியில்லைம்பா. நான் அவளுக்குச் சமைக்கத் தெரியலைம்பேன். பதினோரு வருஷத்துல மூணு அடுப்பு மாத்தியாச்சு."

"உங்க வீடு எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள் மீரிம்.

"ரெண்டாயிரத்துக்கு மேல."

"அப்ப அடுப்பு மேல தப்பில்லை." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "உங்க மனைவி மேலயும் இல்லை."

யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். இசாகோவ் சிரிக்கவில்லை. போன் மறுபடி அதிர்ந்தது.

"அத்தான், ஏழு முட்டை போட்டேன், ஒவ்வொண்ணா உடைச்சுப் பாத்தேன். பதிமூணு நிமிஷம் நாப்பது விநாடி. இங்க சுத்தி நிக்கற டிரைவருங்க எல்லாரும் சரியான்னு கேக்கச் சொல்றாங்க."

மீரிம் மேஜைமேல் ஏறி நின்று, சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தாள். கோட்டிலிருந்து ஒரு நூலளவு மேலே. பனிக் கணவாயில் நாற்பத்தெட்டு லாரிகளுக்கு நடுவே வெந்த முட்டை, அவள் பத்து நாளைக்கு முன்னால் சொன்ன இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்பது-பி போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு எழுந்து ஓடிவந்தது.

இசாகோவ் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டை மூடினார். எழுந்தார். ஜீபார் எஜேயிடமும் அகாயிடமும் தலையை மட்டும் அசைத்துவிட்டு, வெளியே போய்விட்டார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"போச்சு" என்றார் ஜீபார் எஜே, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து. "முட்டையால கெட்டோம். கையெழுத்துகூடப் போடலை. உங்களுக்கு ரெண்டு வருஷம் கேக்கலாம்னு இருந்தேனே அகாய்."

அகாய் சுவரைப் பார்த்தார். ஐந்து சிவப்புப் புள்ளிகள். மேஜையிலிருந்து இறங்க மறந்து நிற்கிற மீரிம். ஒட்டிய பக்கங்களைக் கத்தியால் பிரித்த தாஸ்தான்.

"மார்க்கு அவர் போடட்டும் எஜே, போடாம போகட்டும்" என்றார். "புள்ளி நாம வெச்சுட்டோம்."

மீரிம் இறங்கக் கை கொடுத்தார். அவள் இறங்கினாள். அப்போது கதவு தட்டப்பட்டது. கம்பளித் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப் ஓட்டுநர் தலையை உள்ளே நீட்டினார். அவர் கையில் ஒரு துண்டுத் தாள், அதில் ஒரு போன் நம்பர்.

"நாலு நாளா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய் இந்த மாதிரிக் குழுவையெல்லாம் மூட வெச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வர்றோம் அகாய், இங்க வந்ததும் அதுக்குத்தான், ஆனா உங்களுதை மூட ஐயாவுக்கு மனசு வரலையாம், அவர் நம்பரையும் குழுவுல சேத்துக்கச் சொன்னார்."